மந்தை எதிர்ப்பாற்றல்: 2020 மார்ச்சில் பிரிட்டன் உண்மையில் என்ன நினைத்தது?

கேள்வி இதுதான்: “2020 மார்ச்சில் பிரிட்டிஷ் அரசு மக்களுக்குக் கொரோனா பரவட்டும், மந்தை எதிர்ப்பாற்றல் தானாக வரும் என்று திட்டமிட்டதா? அப்படியென்றால் அது தவறா? ஊரடங்கு போடாத ஸ்வீடன் நன்றாகத்தானே தப்பித்தது?”

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மந்தை எதிர்ப்பாற்றல் என்பது, போதுமான பேருக்கு எதிர்ப்பாற்றல் வந்துவிட்டதால் நோய் மேலும் பெருக முடியாமல் போகும் நிலை. அதை இலக்கு என்று பிரிட்டிஷ் அரசு அறிவிக்கவில்லை. ஆனால் எப்படியும் அங்கேதான் போய் முடியப்போகிறது என்று அதன் ஆலோசகர்களில் பலர் நம்பினார்கள். மார்ச் மாதத்தின் முதல் பாதி அந்த நம்பிக்கையிலேயே கழிந்தது. அது தவறுதான். மக்களில் இத்தனை பேருக்கு எதிர்ப்பாற்றல் வந்தால் போதும் என்று அவர்கள் சொன்ன 60 விழுக்காடு என்ற எண் தப்பானது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த எண்ணை எட்டும் வழியில் எத்தனை பேர் சாவார்கள், கொஞ்ச காலம் தள்ளிப்போட்டால் அவர்களில் எத்தனை பேரைக் காப்பாற்றலாம் என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லாமல் போனது. ஸ்வீடன் கதை இன்னும் சிக்கலானது, கடைசியில் வருகிறேன்.

60 விழுக்காடு எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். யாருக்கும் எதிர்ப்பாற்றல் இல்லாத ஊரில், கொரோனா வந்த இரண்டு பேர் சராசரியாக ஐந்து பேருக்குப் பரப்புகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஐந்து பேரில் மூவருக்கு ஏற்கெனவே எதிர்ப்பாற்றல் இருந்தால், இரண்டு பேரிடமிருந்து இரண்டே பேருக்குத்தான் தொற்றும். நோய் பெருகாது. ஐந்தில் மூன்று, அதாவது 60 விழுக்காடு. தட்டம்மை இதைவிடப் பல மடங்கு வேகமாகப் பரவக்கூடியது என்பதால் அதற்கு 95 விழுக்காடு வரை தேவைப்படுகிறது. தடுப்பூசித் திட்டம் நடத்துகிறவர்களுக்கு இது தினசரிக் கணக்கு. எத்தனை குழந்தைகளுக்கு ஊசி போட்டால் ஊசி போட முடியாத குழந்தையும் பாதுகாப்பாக இருக்கும் என்று கண்டுபிடிக்க உதவுவது.

நோயைப் பரவவிட்டு இந்த எண்ணை எட்டலாம் என்று சொல்லும்போதுதான் கணக்கு பயங்கரமாகிறது. பிரிட்டனின் மக்கள்தொகை ஏறத்தாழ 6.6 கோடி. அதில் 60 விழுக்காடு என்றால் 4 கோடி. அந்த மார்ச்சில் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்ட இறப்பு விகிதம், தொற்றியவர்களில் 0.9 விழுக்காடு. பெருக்கிப் பார்த்தால் 3.6 லட்சம் பேர். விகிதம் அதில் பாதிதான் என்று வைத்துக்கொண்டாலும் 1.8 லட்சம். காகிதமும் பேனாவும் இருந்தால் யாரும் ஐந்து நிமிடத்தில் போடக்கூடிய கணக்கு. மார்ச் இரண்டாவது வாரத்தில் தொலைக்காட்சியில் 60 விழுக்காடு என்று கேட்ட பலர் வீட்டிலிருந்தே இதைப் போட்டுப் பார்த்தார்கள். மக்களிடம் கோபம் கிளம்பியதில் வியப்பு இல்லை.

இதிலும் ஒரு விஷயம் விடுபட்டிருக்கிறது. 60 விழுக்காட்டை எட்டியதும் நோய் நின்றுவிடாது. வேகமாக வரும் வண்டியில் பிரேக் போட்ட இடத்திலேயே வண்டி நிற்குமா? அந்த எல்லையை எட்டும் நாளில் லட்சக்கணக்கானவர்கள் ஏற்கெனவே தொற்றோடு நடமாடிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் ஒவ்வொருவரும் சராசரியாக ஒருவருக்கும் குறைவாகத்தான் பரப்புவார்கள் என்றாலும், அந்தச் சங்கிலி அடங்குவதற்குள் இன்னும் பல லட்சம் பேருக்குத் தொற்றிவிடும். எந்தத் தடையும் இல்லாமல் பரவவிட்டால், எளிய கணிதப்படி இந்த நோய் 90 விழுக்காட்டுக்கு அருகில் போய்த்தான் ஓயும். இந்தக் கூடுதல் 30 விழுக்காட்டைப் பற்றி அன்றைய பேட்டிகளில் பேச்சே எழவில்லை. பரவலின் வேகத்தைக் குறைத்தால் இது குறையும் என்பது உண்மை. ஆனால் அதற்கே நீண்ட காலக் கட்டுப்பாடுகள் வேண்டும்.

சரி, மார்ச்சில் என்னதான் நடந்தது? மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் இதைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. அதே நாள், அரசின் நடத்தை ஆய்வுக் குழுவின் தலைவர் டேவிட் ஹால்பர்ன் பிபிசியிடம் பேசினார். ஆபத்தில் இருப்பவர்களைக் கூட்டுக்குள் வைத்ததுபோலப் பாதுகாத்துவிட்டால், அவர்கள் வெளியே வரும்போது மற்ற மக்களிடம் மந்தை எதிர்ப்பாற்றல் வந்திருக்கும் என்பது அவர் சொன்னதன் சாரம். மறுநாள் பிரதமர் போரிஸ் ஜான்சன், இன்னும் பல குடும்பங்கள் தங்கள் அன்புக்குரியவர்களைக் காலத்துக்கு முன்பே இழக்கப்போகின்றன என்று நாட்டு மக்களிடம் சொன்னார். மருத்துவமனைக்கு வெளியே பரிசோதனை செய்வதும், தொற்றியவர்களோடு பழகியவர்களைத் தேடுவதும் அன்றோடு கைவிடப்பட்டன. மார்ச் 13 அன்று தலைமை அறிவியல் ஆலோசகர் பேட்ரிக் வாலன்ஸ், ஓரளவு மந்தை எதிர்ப்பாற்றலை உருவாக்குவதும் நோக்கங்களில் ஒன்று என்று வானொலியில் சொன்னார். 60 விழுக்காடு என்ற எண்ணைத் தொலைக்காட்சியில் சொன்னவரும் அவர்தான். அந்த வாரம் முழுக்க செல்ட்டன்ஹாம் குதிரைப் பந்தயம் பெரும் கூட்டத்தோடு நடந்துகொண்டிருந்தது. மாட்ரிட்டில் நோய் கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்தபோது, அங்கிருந்து சுமார் 3,000 ரசிகர்கள் லிவர்பூலுக்குக் கால்பந்து பார்க்க வந்துபோனார்கள்.

மார்ச் 14 அன்றே இந்தப் போக்கை எதிர்த்து 200க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் கையெழுத்திட்ட திறந்த மடல் வெளியானது. மார்ச் 15 அன்று சுகாதார அமைச்சர் மேட் ஹான்காக், மந்தை எதிர்ப்பாற்றல் எங்கள் கொள்கை அல்ல, அது ஓர் அறிவியல் கருத்து மட்டுமே என்று செய்தித்தாளில் எழுதினார்.

அவர் பொய் சொன்னாரா? பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். கொரோனா குறித்துப் பின்னாளில் நடந்த பொது விசாரணையில் ஒரு குறுஞ்செய்தி வெளியே வந்தது. அமைச்சரவைச் செயலர் மார்க் செட்வில் மார்ச் 12 அன்று இன்னொரு மூத்த அதிகாரிக்கு அனுப்பியது அது. சின்னம்மைபோல மக்களுக்கு இது வந்து, அடுத்த அலைக்கு முன்னால் மந்தை எதிர்ப்பாற்றல் உருவாக வேண்டும் என்பதுதானே நமது எண்ணம் என்ற பொருளில் எழுதியிருந்தார். நாட்டின் மிக உயர்ந்த அதிகாரியே அப்படிப் புரிந்துவைத்திருந்தார் என்றால், கொள்கை ஆவணத்தில் அந்தச் சொல் இருந்ததா இல்லையா என்பது இரண்டாம் பட்சம். மொத்த அமைப்பும் அந்தத் திசையில்தான் யோசித்துக்கொண்டிருந்தது.

அவர்கள் அப்படி யோசித்ததற்குக் கொடூர மனம் காரணம் என்று நான் நம்பவில்லை. கையில் இருந்த திட்டம் இன்ஃபுளூயன்சாவுக்காக 2011இல் எழுதப்பட்டது. புதிய ஃபுளூவைத் தடுத்து நிறுத்த முடியாது, பரவலின் வேகத்தைக் குறைத்து மருத்துவமனைகள் திணறாமல் பார்த்துக்கொள்ளலாம் என்பதே அதன் அடிப்படை. கொரோனா வந்தபோது அந்த அடிப்படையை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். இன்னொரு வாதமும் இருந்தது: இப்போது கடுமையாக அடக்கினால், தளர்த்தியதும் குளிர்காலத்தில் இன்னும் பெரிதாக எழும். அது குருட்டு வாதம் அல்ல. அடக்கினால் எழும் என்பது உண்மைதான். ஆனால் எழுவதற்குள் கிடைக்கும் ஆறு மாதத்தில் என்னென்ன மாறலாம் என்று அவர்கள் யோசிக்கவில்லை. மூன்றாவதாக, சீக்கிரமே கட்டுப்பாடு போட்டால் மக்கள் சலித்துப்போய் மீற ஆரம்பிப்பார்கள் என்றார்கள். அதற்கு என்ன சான்று என்று கேட்டு 600க்கும் மேற்பட்ட நடத்தை அறிவியலாளர்கள் கடிதம் எழுதினார்கள். உண்மையில் ஊரடங்கு வந்தபோது மக்கள் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே ஒத்துழைத்தார்கள்.

தென்கொரியாவும் தைவானும் அதே நேரத்தில் பரிசோதித்து, தேடிப்பிடித்து, தனிமைப்படுத்தி நோயை அடக்கிக்கொண்டிருந்தன. அதைப் பார்த்தும், நம்மால் முடியாது என்று ஏன் முடிவெடுத்தார்கள் என்பதுதான் எனக்கு இன்றும் ஆத்திரம் தரும் கேள்வி. 2021 அக்டோபரில் இரண்டு நாடாளுமன்றக் குழுக்கள் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, இந்த ‘விதியே என்று ஏற்றுக்கொண்ட’ போக்கைத்தான் குற்றம் சாட்டியது. பிரிட்டன் இதுவரை கண்ட மிகப் பெரிய பொது சுகாதாரத் தோல்விகளில் ஒன்று என்று அது எழுதியது. அந்தக் குழுக்களில் ஆளுங்கட்சி உறுப்பினர்களும் இருந்தார்கள்.

மார்ச் 16 அன்று நீல் ஃபெர்குசன் தலைமையிலான இம்பீரியல் கல்லூரிக் குழுவின் அறிக்கை வெளியானது. எதுவும் செய்யாவிட்டால் பிரிட்டனில் 5.1 லட்சம் பேர் இறப்பார்கள், அரசு நினைத்திருந்த மட்டுப்படுத்தும் வழியில் போனாலும் ஏறத்தாழ 2.5 லட்சம் பேர் இறப்பார்கள், தீவிர சிகிச்சைப் படுக்கைகளுக்கான தேவை இருப்பதைப்போல எட்டு மடங்காகும் என்றது அது. ஒரு வாரம் கழித்து, மார்ச் 23 அன்று ஊரடங்கு வந்தது. அந்த ஒரு வாரத்துக்கு என்ன விலை? ஹீதர் ஹாலெட் தலைமையிலான பொது விசாரணை ஆணையம் 2025 நவம்பரில் வெளியிட்ட அறிக்கையில் ஒரு மதிப்பீடு இருக்கிறது. ஒரு வாரம் முன்னதாக ஊரடங்கு போட்டிருந்தால் இங்கிலாந்தில் மட்டும் முதல் அலையில் சுமார் 23,000 இறப்புகள் குறைந்திருக்கும். இது கணித மாதிரியை வைத்துப் போட்ட கணக்குதான், துல்லியத்தைப் பற்றிச் சண்டை போடலாம். ஆனால் சில நாட்களுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிற நோயில் ஒரு வாரம் என்பது எவ்வளவு பெரியது என்பதில் சண்டைக்கு இடமில்லை.

இப்போது அந்தக் ‘கூடு’ யோசனைக்கு வருவோம். முதியோரைப் பத்திரமாக வைத்துவிட்டு இளையோரிடம் பரவவிடலாம் என்ற கருத்து கேட்பதற்கு நியாயமாகத் தெரியும். கொரோனாவில் வயது என்பது அவ்வளவு பெரிய வேறுபாடு. எண்பது வயதுக்காரருக்கும் இருபது வயதுக்காரருக்கும் இறக்கும் ஆபத்தில் நூறு மடங்குக்கும் மேல் வித்தியாசம் உண்டு. அதனால்தான் இந்த யோசனை மறுபடியும் மறுபடியும் தலைகாட்டுகிறது. ஆனால் தானே குளிக்க முடியாத, தானே சாப்பிட முடியாத முதியவர்தான் மிக அதிக ஆபத்தில் இருப்பவர். அவரைத் தொடாமல் யாரும் பார்த்துக்கொள்ள முடியாது. பார்த்துக்கொள்கிறவர் பெரும்பாலும் குறைந்த சம்பளத்துக்கு இரண்டு மூன்று இல்லங்களில் வேலை பார்ப்பவர், பேருந்தில் வருபவர், வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் உள்ளவர். வெளியே நோய் நிறைந்திருந்தால் அவர் வழியாக உள்ளே வராமல் எப்படி இருக்கும்?

பிரிட்டனில் நடந்தது இதையும் விட மோசம். படுக்கைகளைக் காலி செய்வதற்காக 2020 மார்ச் 17 முதல் ஏப்ரல் 15 வரை சுமார் 25,000 பேர் மருத்துவமனைகளிலிருந்து முதியோர் இல்லங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். எல்லோருக்கும் பரிசோதனை செய்து அனுப்பும் முறை அதற்குப் பிறகுதான் வந்தது. அறிகுறி இல்லாதவரிடமிருந்தும் பரவும் அபாயத்தைக் கணக்கில் எடுக்காத அந்தக் கொள்கை சட்டவிரோதமானது என்று 2022 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எந்த முதியோரைச் சுற்றிக் கூடு கட்டப்போவதாகச் சொன்னார்களோ அவர்கள்தான் ஆயிரக்கணக்கில் இறந்தார்கள், பலர் பிள்ளைகளின் முகத்தைக்கூடப் பார்க்காமல்.

எதிர்ப்பாற்றல் எவ்வளவு காலம் நிற்கும் என்ற கேள்வியும் இருந்தது. இதற்குப் பதில் தேட பிரிட்டன் வெளியே எங்கும் போக வேண்டியதில்லை. சாலிஸ்பரியில் பல பத்தாண்டுகள் இயங்கிய சளி ஆய்வு மையத்தில், சாதாரணச் சளி தரும் கொரோனா வைரஸ் ஒன்றைத் தன்னார்வலர்களுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஓராண்டு கழித்து அதே வைரஸைக் கொடுத்தபோது பெரும்பாலானோருக்கு மீண்டும் தொற்றியது, ஆனால் நோய் வரவில்லை. 1990இல் வெளியான ஆய்வு அது. இந்த வகை வைரஸில் எதிர்ப்பாற்றல் கடுமையிலிருந்து காக்கும், பரவலை நீண்ட காலம் தடுக்காது என்பதற்கான தடயம் அதிலேயே இருந்தது.

பிரேசிலின் மனாவ்ஸ் நகரம் இதைக் கொடூரமாகக் காட்டியது. இரத்ததானம் செய்தவர்களிடம் எடுத்த மாதிரிகளை வைத்து, 2020 அக்டோபருக்குள் அங்கே முக்கால்வாசிப் பேருக்குத் தொற்றியிருக்கும் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அந்த மதிப்பீடு சற்று மிகையாக இருக்கலாம் என்று பின்னர் சிலர் வாதிட்டார்கள். எப்படி இருந்தாலும் மந்தை எதிர்ப்பாற்றல் அங்கே வந்துவிட்டது என்று பலர் நம்பினார்கள். 2021 ஜனவரியில் காமா என்ற திரிபு, அதாவது மாறிய வைரஸ், வந்தது. மருத்துவமனைகளில் ஆக்சிஜன் தீர்ந்துபோய் மக்கள் மூச்சுத்திணறி இறந்தார்கள். டெல்லியிலும் அதே மாதம் நடந்த இரத்த ஆய்வில் 56 விழுக்காட்டினரிடம் எதிர்ப்பொருள் (முன்பு தொற்றியதைக் காட்டும் தடயம்) இருந்தது. ஏப்ரலில் என்ன நடந்தது என்று நினைவிருக்கும். நோயை ஏராளமானவர்களிடம் பரவவிடும்போது வைரஸுக்கு மாறுவதற்கான வாய்ப்பும் ஏராளமாகக் கிடைக்கிறது. மாறிய வைரஸுக்கு எல்லை 60 அல்ல, இன்னும் மேலே போய்விடும்.

தட்டம்மையையே பாருங்கள். தடுப்பூசி வருவதற்கு முன்பு ஏறத்தாழ எல்லாக் குழந்தைக்கும் தட்டம்மை வந்தது, வந்தவர்களுக்கு வாழ்நாள் முழுக்க எதிர்ப்பாற்றல் இருந்தது. அப்படியும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதிய குழந்தைகள் சேர்ந்ததும் திரும்பத் திரும்ப வந்துகொண்டேதான் இருந்தது. அதை அடக்கியது ஊசிதான்.

2020 அக்டோபர் 4 அன்று இந்த விவாதம் இரண்டாவது சுற்றுக்கு வந்தது. ஜெய் பட்டாச்சார்யா, மார்ட்டின் குல்டார்ஃப், சுனேத்ரா குப்தா என்ற மூன்று பேராசிரியர்கள் கிரேட் பேரிங்டன் பிரகடனத்தை வெளியிட்டார்கள். ஆபத்து குறைந்தவர்கள் இயல்பாக வாழட்டும், அதிகம் உள்ளவர்களை மட்டும் குறிவைத்துப் பாதுகாப்போம் என்பது அதன் சாரம். பத்து நாளில் அதற்கு மறுப்பாக, காலரா பரவலை ஆராய்ந்த பழைய மருத்துவர் ஜான் ஸ்னோவின் பெயரில் ஓர் அறிக்கை வந்தது. பிரகடனக்காரர்களை மோசமானவர்கள் என்று தள்ளிவிடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பள்ளிகள் மூடியதால் ஏழைக் குழந்தைகள் இழந்தது, தள்ளிப்போன புற்றுநோய்ச் சிகிச்சை, தனிமை இவற்றையெல்லாம் அவர்கள் உரக்கச் சொன்னார்கள், அது சொல்லப்பட வேண்டியதுதான். ஆனால் பாதுகாப்பது எப்படி என்ற இடத்தில் அவர்களிடம் இருந்தது சில வரிகள் மட்டுமே. மூன்று தலைமுறை ஒரே வீட்டில் இருக்கும் குடும்பத்துக்கு அந்த வரிகளால் எந்தப் பயனும் இல்லை.

அப்புறம் காலம். பிரகடனம் வெளியாகி ஐந்து வாரத்தில், நவம்பர் 9 அன்று முதல் தடுப்பூசியின் சோதனை முடிவு வந்தது. டிசம்பர் 8 அன்று பிரிட்டனில் ஊசி போடத் தொடங்கினார்கள். அதற்கு முன்பே ஜூன் மாதத்தில், பிரிட்டனே நடத்திய சோதனையில், விலை மலிந்த டெக்ஸாமெத்தசோன் மருந்து செயற்கை சுவாசத்தில் இருப்பவர்களின் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது என்று தெரியவந்தது. மார்ச்சில் தொற்றியவருக்கு இந்த மருந்தும் இல்லை, ஊசியும் இல்லை. அதே மனிதருக்கு அடுத்த ஆண்டு தொற்றியிருந்தால் இரண்டும் இருந்திருக்கும். எப்படியும் எல்லோருக்கும் வரத்தானே போகிறது என்று வாதிட்டவர்கள் இந்த வேறுபாட்டைத்தான் பார்க்கத் தவறினார்கள்.

இப்போது ஸ்வீடன். ஆண்டர்ஸ் டெக்னெல் வழிநடத்திய பொது சுகாதார முகமை சிறுவர்களின் பள்ளிகளை மூடவில்லை, உணவகங்களையும் மூடவில்லை. ஆனால் அங்கே எதுவுமே செய்யவில்லை என்பது தவறு. 50 பேருக்கு மேல் கூடத் தடை இருந்தது, உயர் வகுப்புகளும் பல்கலைக்கழகங்களும் தொலைவழிக்கு மாறின, மக்கள் தாங்களாகவே வெளியே போவதைக் குறைத்தார்கள். மந்தை எதிர்ப்பாற்றல் இலக்கு அல்ல என்றே முகமையும் சொன்னது. ஆனால் பள்ளிகளைத் திறந்து வைத்தால் அதை வேகமாக எட்டலாமா என்று டெக்னெல் மார்ச்சில் பின்லாந்து அதிகாரிக்கு எழுதிய மின்னஞ்சல் பிறகு வெளியானது. மே மாதத்துக்குள் ஸ்டாக்ஹோம் அதை எட்டும் என்ற கணிப்பும் பலிக்கவில்லை. ஏப்ரல் இறுதியில் அங்கே எதிர்ப்பொருள் இருந்தவர்கள் 7.3 விழுக்காடு மட்டுமே.

2020இல் ஸ்வீடனில் கொரோனாவால் 9,000க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஸ்வீடனில் பாதி மக்கள்தொகை உள்ள நார்வேயில் அந்த ஆண்டு 500 பேர்கூட இல்லை. நாம் தோற்றுவிட்டோம் என்று ஸ்வீடன் மன்னரே டிசம்பரில் சொன்னார். அதேசமயம் 2020 முதல் 2022 வரை மூன்று ஆண்டுகளையும் சேர்த்துப் பார்த்தால், வழக்கத்துக்கு மேலான இறப்புகளில் ஸ்வீடன் ஐரோப்பாவின் மிகக் குறைந்த நாடுகளில் ஒன்று. இரண்டும் உண்மை. முதியோரை முதல் அலையில் பறிகொடுத்தது, பிறகு தடுப்பூசியை நன்றாகப் போட்டது. அந்நாட்டின் கொரோனா விசாரணை ஆணையம் 2022 பிப்ரவரியில் தந்த இறுதி அறிக்கையும் இப்படித்தான் பிரித்துச் சொன்னது: கட்டாயத்துக்குப் பதில் அறிவுரை என்ற வழி பெரும்பாலும் சரி, ஆனால் தொடக்கத்தில் இன்னும் வேகமாக, இன்னும் கடுமையாக நடந்திருக்க வேண்டும். சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு, அரசின் மீது நம்பிக்கை, தனியாக வாழும் வீடுகள் அதிகம் என்று அங்கே இருந்த வசதிகளைச் சேர்த்துப் பார்க்காமல், ஸ்வீடன்போலச் செய்திருக்கலாம் என்று வேறு நாட்டைப் பார்த்துச் சொல்வதில் பொருள் இல்லை.

எதிர்முனையில் நியூசிலாந்து 2020 மார்ச் இறுதியில், சில நூறு தொற்றுகளே இருந்த நிலையில் எல்லாவற்றையும் மூடியது. நோயை வெளியே நிறுத்திவைத்து, பெரும்பாலானோருக்கு ஊசி போட்ட பிறகே பரவ விட்டது. அங்கேயும் கடைசியில் பெரும்பாலானோருக்குத் தொற்றத்தான் செய்தது. ஆனால் பெருந்தொற்றுக் காலம் முழுவதிலும் வழக்கத்துக்கு மேலான இறப்புகள் அங்கே ஏறத்தாழ இல்லை. பிரிட்டனில் இறப்புச் சான்றிதழில் கொரோனா குறிப்பிடப்பட்டவர்கள் 2 லட்சத்துக்கும் மேல்.